அன்று கீரி வரவில்லை

நீ அனுப்பிய குரல் செய்தியை நான்கு முறை கேட்டுவிட்டேன். கப்பலின் இயந்திர இரைச்சலுக்கு நடுவிலும் உன் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "அம்மா, அந்த மெயில நான்தான் போட்டேன். தங்கச்சிட்ட பக்குவமாச் சொல்லு. பொம்பளப் பிள்ள கடல்ல முங்கி என்னத்தச் சாதிக்கப் போறா? கீரிக்கு என்னைக்கும் தொறந்துவிடத்தான் தெரியும். அன்னைக்கு நான் மூடி வச்சத அவ தொறக்காம இருந்திருந்தா எட்டுக் குஞ்சும் பிழச்சிருக்கும்லா." பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாய். அப்பாவின் காது எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நான் பதில் அனுப்பவில்லை. பேச வாயெடுத்தால் சத்தமே வராத ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எனக்கு உன் மேல் கோபம். இந்த இருபத்தைந்து வருடத்தில் உன் மேல் நான் இப்படிக் கோபப்பட்டதே இல்லை. பட்டிருக்க வேண்டும்.

நீ செய்தது என்னவென்று உனக்கே ஒரு முறை சொல்கிறேன். உன் தங்கச்சி விலங்கியல் படித்து முடித்தாள். யார் சிபாரிசும் இல்லாமல் தானே விண்ணப்பித்து, இரண்டு நேர்காணலுக்குப் போய், கீழக்கரைப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருட வேலை வாங்கினாள். பவளப்பாறைகளில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று கணக்கெடுக்கும் வேலை. முதலில் முங்குவதற்குப் பயிற்சி கொடுப்பார்கள். உன் அப்பா இருபது வருடம் சங்கு குளித்து ஒரு காதைக் கடலுக்குக் கொடுத்தவர். அவர் மறுப்பார் என்றுதான் நான் பயந்தேன். அவர் அந்த வேலைக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை பாகம்ளா முங்கணும்?" என்று கேட்டார். "ஆறு பாகத்துக்குள்ளதாம்ப்பா, முப்பத்தாறு அடி." "நான் பன்னெண்டு பாகம் போனவன். காது வலிக்குன்னு சொன்னா படகு முதலாளி சிரிப்பாரு. உனக்கு வலிக்குன்னு சொல்லக் கேக்க ஆள் இருக்கா?" "இருக்காங்கப்பா." "அப்பப் போ." அவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் போ என்ற பிறகு நீ யார்? அவள் கல்லூரியில் சேரும்போது உன் போனில்தான் அவளுக்கு மெயில் கணக்குத் திறந்தாய். அதற்குள் நுழைந்து, அவள் பெயரில், குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சேர இயலவில்லை என்று எழுதி அனுப்பினாய். உங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறோம் என்று அவர்கள் பதில் போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். "அம்மா, நான் இத எழுதலம்மா" என்றாள். நான் நம்பமாட்டேனோ என்று பயந்து சொன்னது போல இருந்தது.

கோழிக்குஞ்சுக் கதையை நீதான் இழுத்தாய். அதனால் அதையே சொல்கிறேன். அப்போது நீ எட்டாம் வகுப்பு, அவள் நான்காம் வகுப்பு. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து நம் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த கோமதி அக்காவின் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. குஞ்சு வேண்டும் என்று நீ போய் நின்றாய். "கடல்காரப் பிள்ளைக்குக் கோழி எதுக்குல? தொட்டியில அயிலை மீன விட்டு வளத்துக்கோ" என்று கேலி செய்தாலும், கோழியையும் பதினொரு முட்டைகளையும் தூக்கிக் கொடுத்தாள். "குஞ்சு உனக்கு, கோழி எனக்கு. கறி வச்சிராதீங்க" என்றாள். உடைந்த மண்சட்டியில் மணல் பரப்பி, குளியலறைக்குப் பின்னால் நிழலில் வைத்தோம். நம் குடும்பத்தில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். கல்லூரியில் கோழிக் கருவின் முப்பத்து மூன்று மணி நேரப் படத்தையும் நாற்பத்தெட்டு மணி நேரப் படத்தையும் பென்சிலால் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உயிருள்ள குஞ்சு ஒன்றைத் தொட்டதில்லை. ஏழாம் நாள் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைக் காட்டினேன். உள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடி நடுவில் ஒரு புள்ளி துடித்தது. "சிலந்திம்மா" என்றாய். உன் தங்கச்சி கையை நீட்டினாள். "நீ தொடாத, போட்டுருவ" என்றாய். நானும், "அண்ணன் காட்டுவான், நீ பாரு" என்றேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

இருபத்தோராம் நாள் ஒன்பது பொரித்தன. இரண்டு கூழ்முட்டை. ஈரம் காய்ந்து பஞ்சாகும்வரை நீ பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டாய். குருணையோடு நெத்திலிக் கருவாட்டை இடித்துப் போட்டோம். நமக்குத் தெரிந்த தீனி அதுதானே. "இதுக முட்டை போட்டா நான் தொடமாட்டேன், மீன் வாடைதான் அடிக்கும்" என்று கோமதி அக்கா மூக்கைப் பொத்திக் காட்டுவாள். பத்தாம் நாள் இறக்கை நுனியில் குச்சி குச்சியாகச் சிறகு வந்தது. மூன்றாவது வாரம் பஞ்சு உதிர்ந்து கழுத்து மொட்டையாகி, பார்க்கச் சகிக்காமல் ஆகிவிட்டன. சீக்கு வந்துவிட்டது என்று நீ அழுதாய். வளர்கிறது, அவ்வளவுதான் என்று உன்னை நம்ப வைக்க எனக்கு ஒரு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றையும் பிடித்து ஸ்கேலால் கால் நீளத்தை அளந்து நோட்டில் எழுதுவாய். நீ அளந்தாய், அவள் பார்த்தாள். எது கடைசியாகத் தண்ணீருக்கு வரும், எது மற்றதின் முதுகில் ஏறி உட்காரும், எது சேவல், எது பெட்டை என்று உனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை.

நான்காவது வாரம் பருந்து ஒன்றைத் தூக்கியது. உன் கண் முன்னால். நீ கையில் செருப்போடு உப்பள வரப்பு வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாய். அன்றே காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் ஜன்னி கண்டு கண் மேலே செருகிக்கொண்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் உட்கார்ந்து, இந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடு, இனி எதற்கும் அழ விடமாட்டேன் என்று அந்தோனியாரிடம் வேண்டினேன். வேண்டியது மட்டுமில்லை, அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அதில்தான் எல்லாம் கெட்டது.

நீ வீடு திரும்பியதும் அப்பா பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து முருங்கை மரத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் இடையே கட்டினார். பருந்து வந்து சுற்றிவிட்டுப் போய்விடும். அது போதுமாக இருந்தது. உனக்குத்தான் போதவில்லை. ஆறாவது வாரம் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பித்தது. "பெத்த தாயா இது?" என்று அதன் காலில் கயிறு போட்டு முருங்கையில் கட்டினாய். "கொத்தலல, போங்கன்னு சொல்லுது. வளந்துட்டுல்லா" என்று கோமதி அக்கா சொன்னதை நீ காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையில், பள்ளிக்கூடம் போகும் முன்னால், எட்டையும் பிடித்து, கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடைக்குள் போட்டாய். மேலே அப்பாவின் தார்ப்பாயை நாலாக மடித்து மூடினாய். சுற்றிலும் செங்கல் வைத்தாய். துணி காயப்போட வந்தபோது நான் அதைப் பார்த்தேன். பார்த்து, பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று பெருமைப்பட்டேன். மூச்சு என்றால் என்ன என்று பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவள்.

ஆனி மாதக் கடைசி. கச்சான் எனும் மேற்குக் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்குள் அந்தக் காற்றும் இல்லை. பதினொரு மணியிலிருந்து கட்டிப்போட்ட கோழி விடாமல் கத்தியது. எனக்குக் கேட்டது. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது, கயிறு பிடிக்காமல் கத்துகிறது என்று நினைத்தேன். மத்தியானம் உன் தங்கச்சிக்கு அரை நாளோடு பள்ளி விட்டுவிட்டார்கள். பையைக்கூட இறக்காமல் கோழி கத்தும் இடத்துக்குப் போயிருக்கிறாள். "அம்மா" என்று ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டாள். நான் போனபோது செங்கலையெல்லாம் தள்ளி, கூடையைப் புரட்டிப் போட்டிருந்தாள். இட்லிச் சட்டியைத் திறந்தது போல முகத்தில் சூடு அடித்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, அலகு திறந்து, இறக்கையை விரித்துக் கிடந்தன. தரையோரம் ஒரு செங்கல் சரியாக ஒட்டாத இடத்தில் மூக்கை வைத்திருந்த சாம்பல் நிறப் பெட்டை மட்டும் மூச்சு விட்டது. அவள் அதைப் பாவாடையில் போட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அலகில் சொட்டினாள். "அண்ணன் காத்தே இல்லாம மூடிட்டாம்மா" என்றாள். செத்துக் கிடந்த ஏழு குஞ்சுகளை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் செருகிய உன் கண்களைத்தான் பார்த்தேன். "அண்ணன்ட்ட சொல்லாதளா. அவன் தாங்கமாட்டான்" என்றேன். "அப்ப என்ன சொல்ல?" "கீரி வந்துச்சுன்னு சொல்லுவோம்." ஒன்பது வயதுப் பிள்ளை, விரல் முழுக்கச் செங்கல் தூள், என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நீ வருவதற்குள் ஏழையும் குளியலறைக்குப் பின்னால் புதைத்துவிட்டேன்.

நாலரை மணிக்கு வந்தாய். "எங்கம்மா?" "கீரி வந்துட்டுய்யா." நீ புத்திசாலி. "கல்லு வச்சிருந்தேன்லா. கீரி கல்லத் தூக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாய். "நீதான் தொறந்தியா?" அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "ஆமா, நான்தான் தொறந்தேன்" என்றாள். நீ அறைந்த அறையில் அவள் தலையிலிருந்த கிளிப் தெறித்து விழுந்தது. நான் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

அன்று நீ வைத்த பெயர்தான் கீரி. கிறிஸ்துமஸ் வரைக்கும் அவளிடம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பேசியபோது அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினாய். தெருவில் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிடித்துக்கொண்டார்கள். "ஏளா கீரி, கடைக்குப் போறியா?" என்று அப்பாவே கூப்பிட்டிருக்கிறார். ஒரு நாள் என் வாயிலும் வந்துவிட்டது. அவள் "என்னம்மா?" என்று திரும்பிப் பார்த்தாள். நான் புதைத்ததைப் பார்த்திருந்த கோமதி அக்கா மட்டும், "பயலைக் காப்பாத்தப் பொட்டப் பிள்ளையப் பலி குடுக்கியே" என்று கேட்டாள். அவளையும் கெஞ்சி வாயை அடைத்தேன். பிழைத்த அந்தப் பெட்டையை நீ 'என் கோழி' என்றாய், ஒன்றையாவது காப்பாற்றினேன் என்று எல்லோரிடமும் சொன்னாய். தினமும் காலையில் திறந்துவிட்டதும் பொழுது சாயும் முன்னால் தேடிப்பிடித்து அடைத்ததும் அவள். கூடை வேண்டாம், வலை போதும் என்று வைத்து வளர்த்தாள். புரட்டாசியில் கொண்டை சிவந்தது. கார்த்திகையில், சிறியதாக, ஓட்டில் ரத்தக் கீற்றோடு முதல் முட்டை போட்டது. அதை உனக்குத்தான் அவித்துக் கொடுத்தேன். அந்தக் கோழி நான்கு வருடம் உயிரோடு இருந்தது. அந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் உன்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை. நீ இப்போது குரல் செய்தியில் அதைச் சொல்லிக் காட்டிய பிறகும் சொல்லவில்லை.

பதின்மூன்று வயதில் நீ மூடியதற்கு எனக்குக் கோபம் இல்லை. உனக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்தது நான். அந்தத் தப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து நீ தப்பித்துக்கொள்ள விடமாட்டேன். இருபத்தைந்து வயது ஆள், கப்பல் இயந்திரத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறவன், இன்னொருத்தி பெயரில் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுதினால் அதற்குப் பெயர் பாசம் இல்லை. நீ ஆறு மாதம் ஆழ்கடலில் இருக்கிறாய். புயல் என்று செய்தி வந்தால் நானும் அப்பாவும் சாப்பிடுவதில்லை. உன் பெயரில் நாங்கள் ராஜினாமா எழுதி அனுப்பினோமா? உன் தங்கச்சி கோழிக்குஞ்சு இல்லை. இருந்தாலும்கூட, மூடத் தெரியாத உன்னிடம் கொடுத்திருக்க மாட்டேன்.

எனக்கும் பாளையங்கோட்டையில் பி.எட். படிக்க இடம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வரும் பிள்ளையை யார் கட்டுவான் என்று என் அப்பா அந்தக் கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். எனக்காக ஒருவரும் கோபப்படவில்லை. நானும் படவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன். இன்று வரைக்கும் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு அந்தப் பெயரோடுதான் இருக்கிறேன்.

அவர்கள் பதில் வந்த அன்றே உன் குரல் செய்தியும் வந்தது. நான் போனை எடுத்து உன்னைக் கூப்பிடப் போனேன். உன் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா. அவன் அங்கன தனியாக் கிடக்கான். சண்டை போட்டா தாங்கமாட்டான்" என்றாள். தன் இடம் போன அன்றும் உன்னைப் பற்றித்தான் யோசிக்கிறாள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, "கிளம்புளா" என்றேன்.

வேம்பார், சாயல்குடி வழியாகப் பஸ்ஸில் போனோம். வழி நெடுக என்ன பேசுவது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே போனேன். அலுவலகத்தில் என் வயதுள்ள ஒரு மேடம், வெயிலில் கறுத்த முகம், கோப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்ததும் எழுதி வைத்ததெல்லாம் போய்விட்டது. "இவ அத எழுதல மேடம். இவ அண்ணன் எழுதினான். இவளுக்குத் தெரியாது. நான் இவ அம்மா" என்றேன். இடையில் நிற்காமல் சொல்லி முடித்தேன். அவர் உன் தங்கச்சியைப் பார்த்துவிட்டு, "உங்க பையன் ஏன் அப்படிச் செஞ்சார்?" என்று என்னைக் கேட்டார். "நான் அப்படி வளத்துட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முந்தின நாள்தான் பட்டியலில் அடுத்து இருந்த பையனுக்குக் கடிதம் போய்விட்டது, அவன் சேர்ந்துவிட்டான் என்றார். அடுத்த முங்கும் பயிற்சி தை மாதம். அதில் இடம் இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அதுவரை படகில் குறிப்பெழுத ஒரு ஆள் வேண்டும், சம்பளம் பாதிதான், சம்மதமா என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "சம்மதம் மேடம்" என்றாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்து இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். குஞ்சு விஷயத்தையும் சொன்னேன். அவருக்கு மிச்சமிருக்கும் ஒரு காதுக்கும் கத்திச் சொன்னால்தான் கேட்கும். சத்தமே வராத நான் கத்தியதில் தெருவே கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தது. அவளைக் கீரி என்று கூப்பிட்டது தெரு முழுக்கத்தானே. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கக் கொடுப்பதும் அதனால்தான். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுக்கிறேன். அப்பா, "எனக்குக்கூடச் சொல்லலையே" என்றார். பிறகு அவளுக்குப் போன் போட்டு, பல வருடத்துக்குப் பிறகு, ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

இப்போது உன் தங்கச்சி தினமும் காலையில் படகேறுகிறாள். அவள் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பையன் முங்குகிறான். அவன் மேலே வந்து, எங்கே என்ன பார்த்தேன் என்று மூச்சு வாங்கச் சொல்வதை அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறாள். நீ செய்தது அது. தையில் இடம் கிடைத்தாலும் இந்த மாதங்கள் அவளுக்குத் திரும்பி வராது.

கார்த்திகையில் உனக்கு விடுமுறை. கப்பலை விட்டு இறங்கியதும் முத்தையாபுரம் வீட்டுக்கு வராதே. நேராகக் கீழக்கரைக்குப் போ. படகு கரைக்கு வரும்வரை வெயிலில் நில். அவளிடம் மன்னிப்புக் கேள், மெயிலுக்கும், அன்று அறைந்ததற்கும், அந்தப் பெயருக்கும். நல்லதுக்குத்தான் செய்தேன் என்ற வார்த்தை உன் வாயில் வரக்கூடாது. நான் என் பங்குக்குக் கேட்டுவிட்டேன், உனக்காக நான் கேட்க மாட்டேன். நீ சொல்லி முடிப்பதற்குள், "பரவால்லண்ணே, விடு" என்பாள். அவள் அப்படித்தான் சொல்வாள். சரி என்று உடனே எழுந்து வந்துவிடாதே. அவளுக்குக் கோபம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திரு.

அம்மா